தெருவில் கிடக்கும் அம்மி

ஏழு மாதம் முடிந்து எட்டு நடக்கிறது. சதுரங்கப்பட்டினத்திலோ தேவனேரியிலோ, வழக்கமான பரிசோதனையில் பார்த்த நர்சம்மா, "பிரஷர் ஏறியிருக்கும்மா, இன்னிக்கே செங்கல்பட்டு போயிடு" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தால், அங்கேயும் கையில் பட்டையைச் சுற்றி பி.பி. பார்க்கிறார்கள். சிறுநீரில் 'உப்பு' போகிறதா என்று பார்க்கிறார்கள். அப்புறம் ரத்தம் எடுக்கச் சொல்லி ஒரு சீட்டு வருகிறது: பிளேட்லெட், எல்.எஃப்.டி., எல்.டி.எச்.

துணைக்கு வந்த மாமியாருக்கு இந்த இடத்தில் சந்தேகம் வரும். எல்.எஃப்.டி. என்பது ஈரல் சோதனை என்று வரிசையில் நிற்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். பிரஷருக்குத்தானே வந்தோம், ஈரலை எதற்குப் பார்க்கிறார்கள்? மருமகளுக்கு மஞ்சள் காமாலையா?

நியாயமான கேள்விதான். காலை பத்து மணிக் கூட்டத்தில் அதற்கு நின்று பதில் சொல்ல எந்த மருத்துவருக்கும் நேரம் இருக்காது. ஆற அமர இங்கே பார்ப்போம்.

பிரஷர் ஓர் அறிகுறி மட்டும்

கர்ப்பத்தின் 20-வது வாரத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டு, கூடவே சிறுநீரில் புரதம் இறங்கினால், அல்லது கல்லீரல், சிறுநீரகம், மூளை போன்ற ஏதாவது ஓர் உறுப்பு பாதிக்கப்பட்டால், அந்த நிலைக்கு முன்சூல்வலிப்பு என்று பெயர். வலிப்பே வந்துவிட்டால் சூல்வலிப்பு. ஊரில் பெரியவர்கள் ஜன்னி என்று பயந்தது பல நேரம் இதைத்தான். சிறுநீரில் 'உப்பு' என்று நாம் சொல்வதும் உண்மையில் உப்பு அல்ல, ஆல்புமின் என்ற புரதம்.

இந்த நோய்க்கும் வயதானவர்களுக்கு வரும் ரத்தக் கொதிப்புக்கும் அளவுகோல் ஒன்றுதான், பிறப்பிடம் வேறு. இது நஞ்சுக்கொடியில் தொடங்குகிறது. கர்ப்பத்தின் முதல் பாதியில், கருப்பைச் சுவரின் சுருண்ட மெல்லிய தமனிகளுக்குள் நஞ்சுக்கொடியின் செல்கள் நுழைந்து, அவற்றைத் தளர்த்தி அகலமாக்க வேண்டும். அப்போதுதான் வளரும் குழந்தைக்குப் போதிய ரத்தம் கிடைக்கும். சிலருக்கு இந்த வேலை அரைகுறையாக நின்றுவிடுகிறது. ரத்தம் போதாமல் திணறும் நஞ்சுக்கொடி சில புரதங்களைத் தாயின் ரத்தத்தில் கலக்கிறது. அவை தாயின் ரத்தக் குழாய்களைத் தாக்குகின்றன.

தாக்கப்படுவது குழாயின் உட்சுவர். உடலின் எல்லா ரத்தக் குழாய்களுக்கும் உள்ளே, ஒரே ஒரு செல் கனத்தில் ஒரு படலம் விரிந்திருக்கிறது. இதை அகப்படலம் என்று அழைப்போம். எப்போது குழாய் சுருங்க வேண்டும், எதை வெளியே கசிய விட வேண்டும், எங்கே ரத்தம் உறையக் கூடாது என்பதையெல்லாம் இதுதான் பார்த்துக்கொள்கிறது. இது கெட்டால் குழாய்கள் இறுகுகின்றன. பட்டையில் 150/100 தெரிகிறது. சிறுநீரகத்தில் கசிவு ஏற்படுகிறது, புரதம் வெளியேறுகிறது. நுண்குழாய்களில் ஃபைப்ரின் என்ற நார்ப்புரதம் இழை இழையாகப் படிகிறது. கல்லீரல் நுண்குழாய்கள் நிறைந்தது என்பதால் அங்கே அடி பலமாக விழுகிறது. ரத்தம் போகாத பகுதிகளில் கல்லீரல் செல்கள் சாகின்றன.

மாமியாரின் கேள்விக்கு முதல் பாதி பதில் இது. பட்டையில் தெரியும் அழுத்தம் இந்த நோயின் ஒரு முகம். மற்ற முகங்கள் உள்ளே இருக்கின்றன; அவற்றைக் கையால் தொட்டோ கண்ணால் பார்த்தோ கண்டுபிடிக்க முடியாது.

உள்ளே இருக்க வேண்டியது வெளியே

நொதி என்பது செல்லுக்குள் ரசாயன மாற்றங்களை விரைவுபடுத்தும் புரதம். என்சைம் என்று பள்ளியில் படித்திருப்போம். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஆயிரக்கணக்கான வகைகள் உண்டு. அவற்றுள் பலவற்றுக்கு ரத்தத்தில் எந்த வேலையும் கிடையாது. அம்மிக்கல் இருக்க வேண்டிய இடம் சமையற்கட்டு. அது தெருவில் கிடந்தால் அரைப்பதற்காக யாரும் தூக்கி வந்திருக்க மாட்டார்கள், சுவர் இடிந்திருக்கிறது என்று அர்த்தம். ரத்தத்தில் மிதக்கும் நொதியும் அப்படித்தான். எங்கோ செல் உடைந்திருக்கிறது.

இதை மருத்துவ உலகம் கண்டுகொண்டது 1954-ல். நியூயார்க்கில் ஜான் லாடூ, ஃபெலிக்ஸ் ரோப்லெவ்ஸ்கி, ஆர்தர் கார்மென் மூவரும் மாரடைப்பு வந்தவர்களின் ரத்தத்தில் எஸ்.ஜி.ஓ.டி. என்ற நொதி ஏறுவதைக் காட்டினார்கள். கார்மென் அதை அளக்க வகுத்த முறை இன்றும் அடிப்படையில் மாறவில்லை. நொதியை யாரும் எண்ணுவதில்லை. ரத்தநீரில் ஒரு மூலப்பொருளைச் சேர்த்து, நொதி அதை எவ்வளவு வேகமாக மாற்றுகிறது என்பதை, புற ஊதாக் கதிர் எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்பதைக் கொண்டு அளக்கிறார்கள். சோதனைச் சீட்டில் 'யூனிட்' என்று போட்டிருப்பது இந்த வேலை வேகம்.

இதயத்துக்காகப் பிறந்த அந்தச் சோதனையை இதய மருத்துவர்கள் பின்னாளில் கைவிட்டார்கள், அவர்களுக்கு டிரோபோனின் என்ற துல்லியமான அளவீடு கிடைத்துவிட்டது. எஸ்.ஜி.ஓ.டி. கல்லீரல் வார்டுக்கும் பிரசவ வார்டுக்கும் குடிபெயர்ந்தது.

சீட்டில் உள்ள பெயர்கள்

எஸ்.ஜி.ஓ.டி. கல்லீரலில் நிறைய இருக்கிறது. தசையிலும் சிவப்பணுவிலும் உண்டு. எஸ்.ஜி.பி.டி. பெரும்பாலும் கல்லீரலுக்கே உரியது. சில ஆய்வகங்கள் இவற்றை ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. என்று அச்சிடும், இரண்டும் ஒன்றுதான். எல்.டி.எச். எனப்படும் லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் கிட்டத்தட்ட எல்லாச் செல்களிலும் இருக்கிறது. சர்க்கரையை எரிக்கும் பாதையில் கடைசிப் படியில் வேலை செய்யும் நொதி இது. சிவப்பணுவுக்குள் இதன் செறிவு சுற்றியுள்ள ரத்தநீரைப் போல் சுமார் 150 மடங்கு. அதனால் சிவப்பணு உடைந்தாலும் எல்.டி.எச். ஏறும், கல்லீரல் செல் செத்தாலும் ஏறும். அதன் பலமும் பலவீனமும் இதுவே.

நான்காவதாக ஒன்று இருக்கிறது, வீணாகப் பயமுறுத்துவது: ஆல்கலைன் பாஸ்பட்டேஸ், சுருக்கமாக ஏ.எல்.பி. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் இது வழக்கமான உச்ச வரம்பைத் தாண்டி இரண்டு மடங்குகூடப் போகும். சீட்டில் தடித்த எழுத்தில் வரும், பக்கத்தில் மேல்நோக்கி அம்புக்குறியும் இருக்கும். வீட்டுக்காரர்கள் பதறிப் போவார்கள். இந்தக் கூடுதல் ஏ.எல்.பி.யைச் செய்வது நஞ்சுக்கொடி. ரத்தநீரை 65 டிகிரிக்குச் சூடாக்கினாலும் நஞ்சுக்கொடியின் ஏ.எல்.பி. அழியாமல் தாக்குப்பிடிக்கும், எலும்பிலிருந்தும் கல்லீரலிலிருந்தும் வருபவை அழிந்துவிடும். ஒரு காலத்தில் இப்படிச் சூடாக்கித்தான் பிரித்தறிந்தார்கள். கர்ப்பிணியின் கல்லீரலைப் பற்றி ஏ.எல்.பி. எதையும் உருப்படியாகச் சொல்வதில்லை.

எஸ்.ஜி.ஓ.டி. கதை நேரெதிர். கர்ப்பத்தில் ரத்தநீரின் அளவு 40 முதல் 50 சதவீதம் கூடுகிறது. நீர்த்துப்போவதால் இந்த நொதியின் அளவு சற்றே தாழ்ந்தே இருக்கும். ஆய்வகம் அச்சிடும் 'இயல்பு: 40 வரை' என்ற வரி கர்ப்பிணிகளை வைத்துக் கணித்தது அல்ல. போன வாரம் 16 இருந்த எஸ்.ஜி.ஓ.டி. இன்று 38 என்றால் அதற்கு எந்த அம்புக்குறியும் வராது. ஆனால் கவனிக்க வேண்டியது அதைத்தான்.

வெயின்ஸ்டீன் வைத்த பெயர்

1982-ல் லூயிஸ் வெயின்ஸ்டீன் என்ற அமெரிக்க மகப்பேறு மருத்துவர் 29 பெண்களைப் பற்றி எழுதினார். எல்லோருக்கும் கர்ப்ப கால ரத்த அழுத்தத்தின் கடும் வடிவம். எல்லோரிடமும் மூன்று விஷயங்கள் ஒன்றாகத் தெரிந்தன. சிவப்பணுக்கள் உடைந்திருந்தன, கல்லீரல் நொதிகள் ஏறியிருந்தன, தட்டணுக்கள் குறைந்திருந்தன. தட்டணு என்பது நாம் பிளேட்லெட் என்று சொல்வது. இந்த மூன்றின் ஆங்கில எழுத்துகளைக் கோத்து 'ஹெல்ப்' என்று பெயர் வைத்தார்.

மூன்றும் ஒன்றாக வருவதற்கு ஒரே காரணம்தான். கெட்டுப்போன அகப்படலத்தில் தட்டணுக்கள் ஒட்டிக்கொண்டு தீர்ந்துபோகின்றன. படிந்த ஃபைப்ரின் இழைகளில் சிக்கிச் சிவப்பணுக்கள் கிழிகின்றன. நுண்ணோக்கியில் பார்த்தால் தலைக்கவசம் போலவும் முக்கோணம் போலவும் துண்டுகள் தெரியும். அடைபட்ட குழாய்க்கு அப்பால் கல்லீரல் செல்கள் மடிகின்றன.

டென்னசியில் வகுத்த வரையறையைத்தான் இன்று பல இடங்களில் பின்பற்றுகிறார்கள்: எல்.டி.எச். 600 அல்லது மேல், எஸ்.ஜி.ஓ.டி. 70 அல்லது மேல், தட்டணு 1,00,000-க்குக் கீழ். எல்லாக் கர்ப்பங்களிலும் 1 சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்கே ஹெல்ப் வருகிறது. கடும் முன்சூல்வலிப்பு உள்ளவர்களை மட்டும் எடுத்தால் 10 முதல் 20 சதவீதம். இன்னொரு தகவல் திகைக்க வைக்கும். ஹெல்ப் வந்தவர்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேருக்குத் தொடக்கத்தில் பி.பி. ஏறியிருப்பதே இல்லை. பட்டையை மட்டும் நம்பினால் இவர்கள் தவறிப்போவார்கள்.

இவர்களைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் வலி. கல்லீரலைச் சுற்றியிருக்கும் உறை வீக்கத்தால் இழுபடும்போது மேல்வயிற்றில், வலப்பக்க விலா எலும்புக்கு அடியில், வலிக்கும். குமட்டலும் வாந்தியும் கூட வரும். இதை நம் வீடுகளில் 'வாய்வு' என்பார்கள், 'நெஞ்சைக் கரிக்குது' என்பார்கள். ஒரு ஜெலுசில், கொஞ்சம் ஓம வாட்டர், விடிந்தால் பார்க்கலாம். எட்டாம் மாதத்தில் புதிதாக வரும் மேல்வயிற்று வலிக்கு இந்தச் சலுகையைத் தரக் கூடாது.

ஒரு கணக்கு

விளங்குவதற்காக ஒரு கற்பனை நோயாளியை எடுத்துக்கொள்வோம். எண்கள் நான் கட்டியவை. அவை நடந்துகொள்ளும் விதம் உண்மையானது.

கொக்கிலமேட்டுப் பெண், 33 வாரம், பி.பி. 156/104, மாலையிலிருந்து மேல்வயிற்றில் வலி. உள்ளூரில் ரத்தம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். இரவு 10 மணிக்கு வந்த முடிவு: எல்.டி.எச். 645, எஸ்.ஜி.ஓ.டி. 35, எஸ்.ஜி.பி.டி. 21, தட்டணு 1,40,000. எல்.டி.எச். 600-ஐத் தாண்டிவிட்டது. ஹெல்ப் வந்துவிட்டதா?

அவசரப்பட வேண்டாம். சிவப்பணு உடைய இரண்டு இடங்கள் உண்டு: உடம்புக்குள், அல்லது குழாய்க்குள். மெல்லிய ஊசியால் இழுத்தாலும், சிரிஞ்சை அழுத்திக் குழாயில் பீய்ச்சினாலும், நுரை வரக் குலுக்கினாலும், வெயிலில் வேகத்தடைகள் மீது தூக்கிப்போட்டுக்கொண்டு போனாலும் சிவப்பணுக்கள் உடையும். எவ்வளவு உடைந்தால் என்ன ஆகும்?

ஒரு லிட்டர் ரத்தம் என்று வைத்துக்கொள்வோம். கர்ப்பிணிக்கு அதில் சுமார் 330 மில்லி சிவப்பணு, மீதி 670 மில்லி ரத்தநீர். ரத்தநீரின் உண்மையான எல்.டி.எச். லிட்டருக்கு 200 என்றால், அதைப் போல் 150 மடங்கு, அதாவது லிட்டருக்கு 30,000, சிவப்பணுவுக்குள் இருக்கிறது. சிவப்பணுக்களில் நூற்றுக்கு 3 மட்டும் குழாயில் உடைகின்றன. அது சுமார் 10 மில்லி. அதிலிருந்து கிட்டத்தட்ட 300 யூனிட் கொட்டுகிறது. அது 670 மில்லி ரத்தநீரில் கலக்கிறது. லிட்டர் கணக்கில் 445 கூடுகிறது. 200 என்ற எண் 645 ஆகிவிட்டது. நூற்றில் மூன்றே மூன்று சிவப்பணு, அதுவும் உடம்புக்கு வெளியே!

இப்போது மற்ற எண்களைப் பாருங்கள். சிவப்பணுவுக்குள் எஸ்.ஜி.ஓ.டி. வெளியே இருப்பதைப் போல் சுமார் 40 மடங்குதான். அதே 3 சதவீதம் உடைந்தால் 22 என்பது 35 ஆகும், 70-ஐத் தொடாது. எஸ்.ஜி.பி.டி. 7 மடங்குகூட இல்லை, அசையவே அசையாது. தட்டணுவை எண்ணுவது ஊதா மூடி போட்ட வேறு குழாயில். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எல்.டி.எச். மட்டும் துள்ளி, மற்றவை அடங்கியிருந்தால் குழாயைச் சந்தேகிக்க வேண்டும். பிரித்த ரத்தநீர் இளஞ்சிவப்பாக இருந்தால் சந்தேகம் உறுதி. நல்ல ஆய்வக நுட்புநர் அந்த நிறத்தைப் பார்த்ததுமே மாதிரியைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

நேரெதிர்த் தவறும் உண்டு. மாதிரி கெடாமல் இருக்கட்டும் என்று பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அனுப்புவார்கள். பெரும்பாலான சோதனைகளுக்கு அது நல்லது. எல்.டி.எச்.சில் ஐந்து உள்வகைகள் உண்டு; அவற்றில் கல்லீரலிலிருந்து வரும் வகை குளிரில் செயலிழந்துவிடும். அறை வெப்பத்தில் இருக்க வேண்டிய மாதிரியைக் குளிர வைத்தால் எண் பொய்யாகக் குறையும்.

நம் பெண்ணை வலி இருக்கிறது, பி.பி. இருக்கிறது என்பதால் செங்கல்பட்டில் சேர்த்துவிட்டார்கள். நள்ளிரவில் கவனமாக எடுத்த புதிய மாதிரி: எல்.டி.எச். 200, எஸ்.ஜி.ஓ.டி. 22, தட்டணு 1,38,000. குழாய்தான் பொய் சொல்லியிருக்கிறது. 'நார்மல், வீட்டுக்குப் போகலாம்' என்று ஒருவர் முடிவு செய்யக்கூடிய நேரம் இது. செய்யவில்லை, ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை எடுக்கச் சொன்னார்கள். காலை 6 மணி: எல்.டி.எச். 390, எஸ்.ஜி.ஓ.டி. 58, எஸ்.ஜி.பி.டி. 41, தட்டணு 1,12,000. வரையறையில் உள்ள மூன்று கோடுகளில் எதையும் இன்னும் தாண்டவில்லை. ஆனால் ஏற வேண்டியவை எல்லாம் ஏறுகின்றன, இறங்க வேண்டியது இறங்குகிறது. நண்பகல்: எல்.டி.எச். 710, எஸ்.ஜி.ஓ.டி. 118, தட்டணு 92,000. மூன்று கோடுகளும் தாண்டியாயிற்று.

இரவின் 645 பொய், காலையின் 390 மெய். பெரிய எண்ணில் ஆபத்து இல்லை, சிறிய எண்ணில் இருந்தது. தனித்து நிற்கும் ஓர் எண்ணைவிட வரிசையாக வரும் நான்கு எண்கள் போகும் திசை பெரிது என்று நான் நினைப்பது இதனால்தான்.

காலை 6 மணி அறிக்கையைப் படிக்கத் தெரிந்தவருக்கு ஆறு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கிறது. வலிப்பைத் தடுக்க மெக்னீசியம் சல்பேட், அழுத்தத்தைக் குறைக்க லாபெட்டலால் அல்லது நிஃபெடிபின், குறைமாதக் குழந்தையின் நுரையீரல் பக்குவப்பட ஸ்டீராய்டு ஊசி, ரத்த வங்கிக்குத் தகவல், பச்சிளங்குழந்தைப் பிரிவில் இடம் எல்லாவற்றையும் அந்த நேரத்தில் செய்துவிடலாம். நோய்க்கு மருந்து என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான்: நஞ்சுக்கொடி வெளியே வர வேண்டும், அதாவது பிரசவம்.

ஐப்பசி, கார்த்திகையில் வரும் குழப்பம்

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இந்தப் பகுதி மருத்துவர்களுக்கு வேறொரு தலைவலி. டெங்கு. அதிலும் தட்டணு குறையும், எஸ்.ஜி.ஓ.டி. ஏறும், எஸ்.ஜி.பி.டி.யைவிட முந்திக்கொண்டு ஏறும், எல்.டி.எச்.சும் ஏறும். சீட்டை மட்டும் கையில் கொடுத்தால் டெங்குவா ஹெல்ப்பா என்று தேர்ந்த மருத்துவரும் தடுமாறுவார். நோயாளியைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். டெங்குவில் காய்ச்சல் முன்னே வந்திருக்கும், கடுமையானால் அழுத்தம் சரியும். ஹெல்ப்பில் பெரும்பாலும் அழுத்தம் ஏறியிருக்கும், காய்ச்சல் இருக்காது. மதுராந்தகம் பக்கம் ஏரிப்பாசன வயலில் இறங்கி வேலை செய்யும் பெண்ணாக இருந்தால் எலிக்காய்ச்சலையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

வைட்டமின் பி12 பற்றாக்குறை இன்னும் நயமாக ஏமாற்றும். எலும்பு மஜ்ஜையில் உருவாகும்போதே சிவப்பணுக்கள் செத்துப்போவதால் எல்.டி.எச். ஆயிரக்கணக்கில் ஏறலாம், தட்டணுவும் குறையும். கர்ப்பத்தில் இதை ஹெல்ப் என்று எண்ணிக் குழந்தையை முன்கூட்டியே எடுத்துவிட வாய்ப்பு உண்டு. தேவைப்பட்டதோ பி12 ஊசிதான்.

600 என்ற கோடு

செங்கல்பட்டு மாவட்டத்தில் மருத்துவக் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. 1965-ல் தொடங்கிய அரசுக் கல்லூரிக்கு அப்பால் காட்டாங்குளத்தூர், கேளம்பாக்கம், மதுராந்தகம் பக்கம் எல்லாம் தனியார் கல்லூரிகள். இந்தியாவின் இத்தகைய கல்லூரிகளில் மகப்பேறு முதுநிலை மாணவர்கள் ஆய்வேட்டுக்கு விரும்பி எடுக்கும் பொருள்களில் ஒன்று, கர்ப்ப கால ரத்த அழுத்தமும் எல்.டி.எச்.சும். காரணம் எளிது. சோதனை மலிவு, கருவி எல்லா இடத்திலும் இருக்கிறது, நோயாளிகளும் இருக்கிறார்கள். பெண்களை 600-க்குக் கீழ், 600 முதல் 800, 800-க்கு மேல் என்று மூன்றாகப் பிரிப்பார்கள். மேலே போகப் போக வலிப்பு, நஞ்சுக்கொடி முன்பிரிதல், ரத்தப்போக்கு, சிசு இறப்பு ஆகியவை கூடுகின்றன என்று முடிவு வரும்.

முடிவில் எனக்குச் சந்தேகமில்லை. அதைப் பயன்படுத்தும் விதத்தில் இருக்கிறது. நிறைய செல்கள் செத்தவருக்குச் சிக்கல்களும் நிறைய வருகின்றன என்பது ஏற்கெனவே நடந்த சேதத்தின் கணக்கு. நாளை யாருக்கு நோய் வரும் என்ற முன்னறிவிப்பு ஆகாது. எல்.டி.எச். 550 இருப்பவருக்கு ஆபத்து இல்லை என்றும் அது சொல்லாது. சேதத்துக்கு முன்பே எச்சரிக்க வேண்டுமானால் வெளியே கிடக்கும் அம்மியை விட்டுவிட்டு, சுவரை இடிப்பது எது என்று தேட வேண்டும்.

சென்னையில் படித்தவரின் கண்டுபிடிப்பு

அப்படித் தேடியவர்களில் முக்கியமானவர் எஸ். ஆனந்த் கருமாஞ்சி. மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன சிறுநீரக மருத்துவர். பாஸ்டனில் அவரும் ஷரன் மேனார்டும் மற்றவர்களும் 2003-ல் ஒரு புரதத்தை அடையாளம் காட்டினார்கள்: எஸ்-எஃப்.எல்.டி.-1. முன்சூல்வலிப்பு வந்தவர்களின் நஞ்சுக்கொடி இதை அளவுக்கு மீறிச் சுரந்தது.

இந்தப் புரதம் ஒரு விசித்திரம். இதன் முழு வடிவம் ரத்தக் குழாய்ச் செல்லின் மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு நொதி. ரத்தக் குழாயை நலமாக வைத்திருக்கும் வளர்ச்சிப் புரதங்கள் வெளியிலிருந்து வந்து இதன் தலையில் ஒட்டும், உள்ளே இருக்கும் நொதிப் பகுதி வேலையைத் தொடங்கும். நஞ்சுக்கொடி சுரப்பதோ தலைப்பகுதியை மட்டும். நொதிப் பகுதி இல்லாத வெறும் தலை ரத்தத்தில் மிதந்தபடி வளர்ச்சிப் புரதங்களை எல்லாம் பிடித்து வைத்துக்கொள்கிறது. அகப்படலம் பட்டினி கிடக்கிறது. சினை எலிகளுக்கு இதை ஏற்றியபோது பி.பி. ஏறியது, சிறுநீரில் புரதம் இறங்கியது, சிறுநீரகத்தில் அதே நோயின் தடம் விழுந்தது.

பிடித்து வைக்கப்படும் புரதங்களில் ஒன்று பி.எல்.ஜி.எஃப். எஸ்-எஃப்.எல்.டி.-1 ஏறும், பி.எல்.ஜி.எஃப். இறங்கும், இரண்டின் விகிதத்தை அளந்தால் நோய் உறுப்புகளைத் தொடும் முன்பே தெரியும். நோய் இருக்குமோ என்று சந்தேகப்படும் பெண்ணுக்கு விகிதம் 38 அல்லது அதற்குக் கீழ் இருந்தால், அடுத்த ஒரு வாரத்துக்கு முன்சூல்வலிப்பு வராது என்பதை 99 சதவீதத்துக்கு மேல் உறுதியாகச் சொல்லலாம் என்று 2016-ல் பன்னாட்டு ஆய்வு ஒன்று காட்டியது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2023 மே மாதம் இச்சோதனைக்கு அனுமதி தந்தது. விலை இன்னும் அதிகம். நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இது மலிவாக வரும் நாள் வரை, எஸ்.ஜி.ஓ.டி.யையும் எல்.டி.எச்.சையும் திரும்பத் திரும்ப எடுத்துக் கவனமாகப் படிப்பதே நமக்கு வாய்த்த வழி.

கருவாடும் கால்சியமும்

மாமல்லபுரம் கடலோரத்தில் பி.பி. ஏறிய கர்ப்பிணியைப் பார்த்ததும் முதலில் பழி விழுவது கருவாட்டின் மேல். வயதானவர்களின் ரத்தக் கொதிப்புக்கு அந்தப் பழி பொருந்தும். முன்சூல்வலிப்பைத் தடுக்க உப்பைக் குறைக்கச் சொல்வதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கவில்லை. அது பரிந்துரைப்பது வேறு: உணவில் கால்சியம் குறைவாக உள்ள பகுதிகளில் கர்ப்பிணிகளுக்குத் தினமும் 1.5 முதல் 2 கிராம் கால்சியம். ஆபத்து அதிகமுள்ளவர்களுக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரின். 16 வாரத்துக்கு முன் தொடங்கினால் பலன் நன்றாகத் தெரிகிறது. முதல் பிரசவம், இரட்டைக் கரு, முன் பிரசவத்தில் இதே நோய், சர்க்கரை, ஏற்கெனவே ரத்தக் கொதிப்பு ஆகியவை இருந்தால் மூன்றாம் மாதத்திலேயே மருத்துவரிடம் இதைக் கேட்டுவிட வேண்டும். தானாகக் கடையில் வாங்கிப் போடக் கூடாது.

தமிழ்நாட்டில் 2018-20 கணக்குப்படி ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 54 தாய்மார்கள் இறந்தார்கள். அதே காலத்தில் இந்தியாவின் எண் 97. 108 ஆம்புலன்சும் 'சீமாங்' என்று சொல்லப்படும் அவசர மகப்பேறு மையங்களும் இதில் பெரும்பங்கு வகித்தன என்பது என் கணிப்பு. மீதமிருக்கும் மரணங்களைக் குறைப்பது முன்னைவிடக் கடினம். அதில் உயர் ரத்த அழுத்தத்துக்குப் பெரிய இடம் உண்டு. உலக அளவில் தாய் மரணங்களில் ஏறக்குறைய ஏழில் ஒன்றுக்கு இதுவே காரணம்.

குழந்தை பிறந்ததும் ஆபத்து விலகிவிட்டது என்று நினைப்பதுதான் எனக்குத் தெரிந்த மிகப் பரவலான தவறு. நஞ்சுக்கொடி வெளியே வந்தாலும் அது கலந்துவிட்ட புரதங்கள் உடனே மறைவதில்லை. தட்டணு பிரசவத்துக்குப் பிந்தைய ஓரிரு நாளில்தான் அடிமட்டத்தைத் தொட்டு ஏறத் தொடங்கும். ஹெல்ப் வருபவர்களில் பத்துக்கு மூன்று பேருக்கு அது வருவதே பிரசவத்துக்குப் பிறகு, பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள். ஆகவே பிள்ளை பெற்ற வீட்டில் தாய்க்குத் தாங்க முடியாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி இவற்றில் ஏதாவது வந்தால் கைவைத்தியம் பார்க்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள், பிரசவமான தேதியையும் கடைசியாகப் பார்த்த பி.பி.யையும் சொல்லுங்கள், பழைய சோதனைச் சீட்டுகள் எல்லாவற்றையும் கையோடு எடுத்துப் போங்கள்.